மினோஸ் நாற்காலியும் மூன்று சுற்று நூலும்

நான் திருத்திய விடைத்தாள்கள் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு. குத்துமதிப்பு இல்லை. ஒவ்வொரு திருத்தும் முகாமும் முடிந்த அன்று, கடத்தூர்ப் பேருந்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதி வைத்த கணக்கு. அந்தக் குறிப்பேடு இப்போது என் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினெட்டாயிரத்துச் சொச்சத்தில் இரண்டே இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னவர் தமிழரசி. அரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறையில் இருக்கிறார். என்னோடு ஆறு முகாம்களில் திருத்தியவர். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், இனிமே எல்லாம் ஸ்கிரீன்லதானுங்க. பேப்பரை ஸ்கேன் பண்ணிப் போட்டுடறாங்க. நூலும் இல்ல, கட்டும் இல்ல, முனியப்பண்ணன் சத்தமும் இல்ல. நம்ம சங்க மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க. அந்த மினோஸ் கதையை எழுதுங்க."

"ராஜா கதையா, என் கதையா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"ஸ்கேன் எடுக்கும்போது ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டுப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"சார், நீங்க ரிடையர் ஆகி நாலு வருசம் ஆச்சுங்க. அந்தக் கவலைய எங்களுக்கு விடுங்க."

விட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மாரண்டஹள்ளிக்கு வடக்கே, வீட்டில் கன்னடமும் வீதியில் தமிழும் பேசும் ஊர். பள்ளி, கல்லூரி, ஆய்வுப் பட்டம் எல்லாம் தமிழ்தான். ஆனால் எண்ணும்போது மட்டும் வாய் தானாக ஒந்து, எரடு, மூரு என்று போகும். தமிழ்ப் பேராசிரியர் கன்னடத்தில் எண்ணுகிறார் என்று முப்பத்தொரு வருடம் சிரித்தார்கள். எண்ணுவது எனக்குப் பழக்கம் என்பதைவிடப் பயம் என்பதே சரி. வகுப்பில் தலைகளை எண்ணுவேன், மாடிப்படியை எண்ணுவேன், எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்று இருக்கும்.

முதுகலை மாணவர்களுக்கு நான் நடத்திய பாடம் ஒப்பிலக்கியம். அதில் எனக்குப் பிடித்த பகுதி கிரேக்கத் தொன்மத்தில் வரும் மினோஸ் என்ற அரசன். கிரீட் தீவை ஆண்டதாகச் சொல்லப்படுகிறவன். ஒரே ஆளுக்கு மூன்று முகம். மிகப் பழைய காப்பியப் பாடல்களில் அவன் வானவர் தலைவன் ஜீயஸின் மகன். ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை தந்தையோடு உரையாடிச் சட்டம் வாங்கி வந்து நாட்டுக்குக் கொடுத்தவன். ஏதென்ஸ் நகரத்து நாடக மேடைக்கு வந்தால் அதே ஆள் கொடுங்கோலன். ஏழு இளைஞர், ஏழு இளம்பெண் என்று பதினான்கு பேரைக் கப்பமாக வாங்கி, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத மாளிகையில் விட்டு, காளைத் தலை கொண்ட ஒன்றுக்கு இரையாக்கினான் என்று சொல்வார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பார்கள். மினோஸ் ஏதென்ஸோடு போருக்குப் போனான், அந்த ஊரில் நாடகம் எழுதுகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான் என்பேன். சிரிப்பார்கள். கிரேக்கத் தத்துவ உரையாடல் ஒன்றிலேயே கிட்டத்தட்ட இந்த விளக்கம்தான் இருக்கிறது.

அந்தக் காளைத் தலை எங்கிருந்து வந்தது என்பதற்கும் கதை உண்டு. அரசுரிமை தனக்கே என்று ஊருக்குக் காட்ட, கடல் தெய்வத்திடம் ஒரு காளையை அனுப்பும்படி மினோஸ் வேண்டிக்கொண்டான். வந்ததும் அதையே பலியிடுவதாக வாக்குக் கொடுத்தான். வந்த காளை வெள்ளை வெளேரென்று அவ்வளவு அழகு. மனம் வரவில்லை. அதைத் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டு வேறு ஒரு காளையைப் பலியிட்டான். பிற்பாடு வந்த கேடு எல்லாம், அவன் மனைவிக்குக் காளைத் தலையோடு பிள்ளை பிறந்தது உட்பட, அந்த மாற்றத்திலிருந்துதான்.

மூன்றாவது முகம் தத்துவ உரையாடல்களில் வருவது. செத்த பிறகு மினோஸ் பாதாளத்தில் நீதிபதி. முன்பெல்லாம் மனிதர்கள் சாகும் நாளிலேயே, உடையோடும் நகையோடும் சாட்சி சொல்லும் சொந்தக்காரர்களோடும் விசாரிக்கப்பட்டார்களாம். தீர்ப்புகள் கோணிப் போயின. அதனால் ஜீயஸ் ஏற்பாட்டை மாற்றினான். இனி உடை இல்லாத வெறும் ஆன்மாவைத்தான் நீதிபதி பார்க்க வேண்டும். யார், எந்த ஊர், யார் மகன் என்று தெரியக் கூடாது. இரண்டு பேர் விசாரிப்பார்கள். இருவருக்கும் ஐயம் வந்தால் மூன்றாவதாக மினோஸ் தீர்ப்புச் சொல்வான்.

முகாமுக்கு வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வராதவர்களுக்குச் சொல்கிறேன். விடைத்தாளின் முகப்பைக் கிழித்துவிடுவார்கள். பெயர், பதிவெண், கல்லூரி எல்லாம் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு போலி எண். முதுகலைத் தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். தாளுக்குள் எதையும் எழுதாமல், வினாவாரியாக மதிப்பெண்ணைத் தனிப் பட்டியலில் போட்டு உறையில் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சராசரி எடுத்து, நூற்றுக்கு ஐம்பது வந்தால் தேர்ச்சி. இரண்டுக்கும் பதினைந்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தத் தாள் மூன்றாவது ஆளிடம் போகும். எங்கள் முகாமில் தமிழுக்கு மூன்றாவது ஆள் பல வருடம் நான்தான். சன்னல் ஓரமாக, வத்தல்மலை தெரியும்படி போட்டிருந்த என் நாற்காலிக்கு மினோஸ் நாற்காலி என்று பெயர்.

பெயர் வைத்தவர் அலுவலக உதவியாளர் முனியப்பன். கட்டுகளைக் கொண்டுவருவது, கொண்டுபோவது, அவிழ்ப்பது, கட்டுவது எல்லாம் அவர். ஒருநாள் தேநீர் நேரத்தில் நான் மினோஸைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டார். பிற்காலத்து இத்தாலியக் காப்பியம் ஒன்றில் மினோஸுக்கு வால் உண்டு. பாவியை எத்தனையாவது நரகத்துக்கு அனுப்ப வேண்டுமோ அத்தனை சுற்று வாலைத் தன் உடம்பில் சுற்றிக் காட்டுவான். முனியப்பனுக்கு இது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் என் மேசையில் கட்டை வைத்தபடியே எல்லோருக்கும் கேட்கும்படி, "மினோசு சார், இன்னைக்கு வாலு எத்தனை சுத்துங்க?" என்றார். அதற்கப்புறம் தினமும் கேட்டார்.

முகாமுக்குத் தலைவர் கமலவேணி மேடம். வரலாற்றுத் துறை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது நின்றுகொண்டு பேசினால் பதில் சொல்ல மாட்டார். "உக்காருங்க" என்பார். உட்கார்ந்த பிறகு பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரே பதில்: "எழுதிக் குடுங்க." விசிறி ஓடவில்லை என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், போண்டா ஊசிப்போச்சு என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிப் புகார்கள் அங்கேயே செத்துவிடும். எழுதும்போதுதான் நமக்கே தெரியும், சொன்னதில் பாதி உண்மை இல்லை என்று.

இனி அந்த இரண்டு தாள்கள்.

பதினோரு வருடம் ஆகியிருக்கும். கோடைத் தேர்வு முகாம், இரண்டாவது வாரம். ஒப்பிலக்கியக் கட்டு ஒன்று முதல் திருத்தம் முடிந்து இரண்டாம் திருத்தத்துக்குப் போகக் காத்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வரும் காற்று அப்படியே சன்னலை அறைந்து, ஓரத்து மேசையில் இருந்த கட்டைத் தள்ளிவிட்டது. நாற்பது தாள்களும் தரையில். சிலவற்றில் கூடுதல் தாள்களைக் கட்டிய நூல் அறுந்து போயிருந்தது. மாணவர்கள் கடைசி மணிக்குப் பிறகு அவசரமாக முடிச்சுப் போடுவது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நானும் முனியப்பனும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். எந்தக் கூடுதல் தாள் எந்த விடைத்தாளுக்கு உரியது என்று கையெழுத்தைப் பார்த்துச் சேர்த்தோம். போலி எண் விடைத்தாளில் மட்டும்தான் இருக்கும், கூடுதல் தாளில் இருக்காது, அன்றைய நடைமுறை அது. அவர் இரண்டு கட்டினார், நான் இரண்டு கட்டினேன். கட்டோடு இருந்த சீட்டில் விடைத்தாள் நாற்பது, கூடுதல் தாள் இருபத்தேழு என்று இருந்தது. எண்ணினேன். நாற்பது. இருபத்தேழு. மறுபடியும் எண்ணினேன். சரியாக இருந்தது.

"சரியா இருக்குதுங்களா?" என்றார் முனியப்பன்.

"இருக்கு."

"நீங்க எண்ணினாச் சரியாத்தான் இருக்கும்."

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை மூன்றாம் திருத்தத்துக்கு ஏழு தாள்கள் வந்தன. ஐந்தாவது தாளில் முன்பகுதி ஒழுங்கான, அமைதியான எழுத்து. பெரிய வினாக்கள் மூன்று எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது, இருபதாம் வினா, மினோஸைப் பற்றியது. முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு வரியில் இப்படித் தொடங்கியிருந்தது: "மினோஸ் நல்லவனா கெட்டவனா என்று சொல்லும் முன், அந்தக் காளையை ஏன் மாற்றினாய் என்று அவனைக்". அவ்வளவுதான். அதற்குமேல் தாள் இல்லை.

நேரம் போதாமல் நிறுத்துகிறவர் பக்கத்தின் நடுவில் நிறுத்துவார். பக்கமும் நேரமும் ஒரே நொடியில் முடிவதை நான் அத்தனை ஆயிரம் தாளில் நான்கைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். தாளைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தேன். நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் கழன்று போய், நூலால் கட்டியிருந்தது. நூல் மூன்று சுற்று. முடிச்சு இடப்பக்கம்.

முனியப்பனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இது நீங்க கட்டினதா?"

அவர் வாங்கிப் பார்த்தார். "நானு ரெண்டு சுத்துக்கு மேல சுத்த மாட்டனுங்க. மூணு சுத்து சுத்தி, பத்தாததுக்கு லெஃப்ட்ல முடிச்சுப் போடறது இந்த முகாம்ல ஒருத்தர்தான்." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "என்னங்க சார்?"

"அந்தக் கட்டை எடுத்துட்டு வாங்க. காத்துல விழுந்த கட்டு."

கொண்டுவந்தார். நான் கட்டியது இரண்டு, மூன்று சுற்று நூல் இன்னும் ஒன்றில்தான் இருக்க வேண்டும். இருந்தது. அதில் கூடுதல் தாள் மூன்று. முதல் தாளில் பத்தொன்பதாம் வினா முடிந்து, கீழே கோடு போட்டு, பாதித் தாள் காலியாக இருந்தது. இரண்டாவது தாள் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கியது: "கேட்டவர் யாராவது உண்டா?"

இரண்டும் நீல மை, இரண்டும் உருண்டை எழுத்து. ஆனால் ஒருவர் 'ழ'வின் காலைச் சுழிப்பார், மற்றவர் நேராக இழுப்பார். அன்று தரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வரி படித்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். நான் எண்ணினேன். படிக்கவில்லை. கூட்டுத்தொகை சரியாக வந்ததும் மனம் அடங்கிவிட்டது.

நின்றபடியே அந்த இரண்டு தாளையும் படித்தேன். யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. எழுதியது நினைவிருக்கிறது. "எங்கள் ஊரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள், திருவிழா அன்று அதை ஒளித்துவிட்டு வேறொன்றை மாற்றிக் கட்டினால் ஏன் என்று முதலில் கேட்பது சாமி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர், மினோஸுக்குப் பக்கத்து வீடு இல்லை, அதுதான் அரசனுக்கு முதல் குறை" என்று எழுதியிருந்தார். பிறகு நாடகங்களையும் காப்பியங்களையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் இப்படி முடித்திருந்தார்: "செத்த பின் அவனை நீதிபதியாக உட்கார வைத்தது பெருமை என்கிறார்கள். எனக்கு அது தண்டனையாகத் தோன்றுகிறது. மாற்றிக் கட்டியவனுக்குத்தான் மாற்றிக் கட்டியது கண்ணில் படும், அதனால்தான் அந்த நாற்காலியை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்."

நான் இருபது வருடம் நடத்திய பாடம். எனக்கு இது தோன்றியதில்லை.

உட்கார்ந்தேன். முனியப்பன் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தாளு மாறிப்போச்சுங்களா?"

"மாறலை. மாத்திக் கட்டிட்டேன்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தாளு போன புள்ளைக்கு நீங்க மூணாவதா நல்லதா ஒரு மார்க்கு போட்டுடுங்க. அது பாசு. தாளு வந்த புள்ளை ஏற்கெனவே பாசாத்தான் இருக்கும். ரெண்டும் பொழச்சுக்கிச்சு. நூலு நான் பாத்துக்கறேன். யாருக்கு என்னங்க நட்டம்?"

அது கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. யோசித்தும் பார்த்தேன். வெளியே வராந்தாவுக்குப் போய்த் தூண்களை எண்ணினேன், இருபத்திரண்டு. மறுபடியும் எண்ணினேன். முனியப்பன் சொன்னதுபோல் செய்தால் இருவரும் தேறுவார்கள், எனக்கும் ஒன்றும் ஆகாது. சொன்னால் ஒருவர் தேறுவார், இன்னொருவர் என்ன ஆவார் என்று தெரியாது, என் பெயர் தேர்வுத் துறைக்குப் போகும். ஆனால் விடைத்தாளோடு இல்லாத பக்கங்களுக்கு நான் மதிப்பெண் போட்டால், அதற்கப்புறம் என் குறிப்பேட்டில் எழுதும் எந்த எண்ணையும் நானே நம்ப முடியாது. அந்த இரண்டு தாளை எழுதியவர், ஏன் மாற்றினாய் என்று கேட்க ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, யாரும் கேட்காதபடி அதே தாளை வேறு நூலால் கட்டுவதா?

இரண்டு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். வெந்நீர் ஊற்றினார். ஒரு மிடறு. சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எழுதிக் குடுங்க."

அங்கேயே பதினோரு வரி எழுதிக் கொடுத்தேன். படித்தார். பேனா முனையை ஒரு வரியில் வைத்தார்.

"'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. அதுவா நேர்ந்துச்சா சார், நீங்க செஞ்சீங்களா?"

தாளை வாங்கி, அடித்து, "நான் தவறாகச் சேர்த்துக் கட்டினேன்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதியதும் மார்பில் ஏதோ இறங்கியது போல் இருந்தது.

அவர் இரண்டு பேராசிரியர்களைச் சாட்சியாக அழைத்து, முதல் திருத்தத்தின் உறையிலிருந்து பட்டியலை எடுத்தார். காற்றுக்கு முன்னால் போட்ட மதிப்பெண்கள். தாள் போனவருக்கு இருபதாம் வினாவுக்கு நேரே பதினைந்து. தாள் வந்தவருக்கு இருபதுக்கு நேரே ஒரு கோடு, எழுதவில்லை என்று பொருள். பிறகு இரண்டாம் திருத்தத்தின் உறை. தாள் போனவருக்கு அந்த இரண்டு வரிக்காக ஒன்று. தாள் வந்தவருக்குப் பதினான்கு. பதினான்கு என்ற எண்ணைப் பார்த்ததும், ஏழும் ஏழுமாகக் கப்பம் போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் நினைக்கக் கூடாததுதான், என்ன செய்வது.

தாள்களை உரியவரோடு சேர்த்து மறுபடி திருத்தினார்கள், நான் அல்ல. தாள் போனவருக்குச் சராசரி அறுபத்தொன்று, தேர்ச்சி. தாள் வந்தவர் ஐம்பத்தொன்றில் தேறியிருந்தார். அந்தப் பதினான்கு போனதும் இரண்டு திருத்தத்திலும் நாற்பத்து நான்கு. ஆறு குறைவு.

"மேடம், அவருக்கு ஏதாவது செய்ய முடியுங்களா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருபதாவது கேள்விய அவர் எழுதலீங்க சார். எழுதாததுக்குப் போட முடியாது. எழுதினதுக்கு ஒழுங்காப் போட்டிருக்கமான்னு பாக்கலாம்."

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் கொடுத்தார். நாற்பத்தைந்து வந்தது. கூடியது ஒன்று, வேண்டியது ஆறு.

மேடம் என் கடிதத்தை மேலே அனுப்பினார். அதோடு தன் கடிதம் ஒன்றையும் வைத்தார். அதில் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அடுத்த மாதம் உத்தரவு வந்தது. ஒரு வருடம் நான் எந்தத் தாளும் திருத்தக் கூடாது. முகாமில் வேறு பணி தரலாம். கூடவே ஒரு சுற்றறிக்கை: இனிக் கூடுதல் தாள் ஒவ்வொன்றிலும் போலி எண் எழுதப்பட வேண்டும், பிரிந்த கட்டை இருவர் படித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். இரண்டும் மேடம் கடிதத்தில் இருந்த வாசகங்கள் என்று பிற்பாடு முனியப்பன் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முகாம் வரையிலான அந்த ஆறு மாதமும் நான் நன்றாகத் தூங்கவில்லை. தேறியவரை எண்ணி மகிழ்ந்தது ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அந்த இன்னொருவர். ஆணா பெண்ணா தெரியாது. சித்தேரி மலையில் இருக்கிறாரோ, பாலக்கோட்டில் கடையில் நிற்கிறாரோ. ஐம்பத்தொன்று என்ற எண் அவருக்கு ஒருநாளும் தெரியாது, நாற்பத்தைந்துதான் தெரியும். ஒரு தாளில் விட்டவர் படிப்பையே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பேருந்தில் என் மாணவர் வயதில் யாரைப் பார்த்தாலும் இவரோ என்று இருக்கும்.

அடுத்த முகாமில் எனக்குக் கொடுத்த பணி, கூடுதல் தாள்களில் போலி எண் எழுதுவது. முனியப்பனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். சன்னல் ஓரத்து நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

"மினோசு சாரைக் கீழ எறக்கிட்டாங்க" என்றார் முனியப்பன். "பரவால்லீங்க. இங்க காத்து அடிக்காது."

மூன்றாம் நாள் ஒப்பிலக்கியக் கட்டு வந்தது. போன முறை தோற்றவர்கள் மறுபடி எழுதிய தாள்கள். ஒன்பது. அவற்றில் ஒன்று அவருடையதாக இருக்கலாம். 'ழ'வின் காலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், எண்ணைக் குறித்துக்கொண்டு திருத்துகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லலாம். ஆனால் நான் கையெழுத்தைப் பார்க்கவில்லை. தாளின் வலது மூலையை மட்டும் பார்த்து, எண்ணை எழுதி, கவிழ்த்து வைத்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. படிக்காமல் இருந்தேன்.

முடிவுகள் வந்த வாரம் மேடம் கூப்பிட்டனுப்பினார். நான் நின்றேன்.

"உக்காருங்க."

வெந்நீர் ஊற்றினார். இந்த முறை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மேசையில் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். போலி எண்கள் மட்டும், பெயர் கிடையாது. ஒப்பிலக்கியம், மறுதேர்வு.

"நீங்களே எண்ணிக்குங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

விரலை வைத்து எண்ணினேன். ஒந்து, எரடு, மூரு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்ச்சி என்று இருந்தது. கடைசி வரிக்கு வந்தபோது ஒம்பத்து.

"போன தடவை எத்தனை பேருங்க ஃபெயிலு?" என்று கேட்டேன். சிலர் எழுதாமலே விட்டிருந்தால்? அந்த ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால்?

அவர் இன்னொரு தாளைத் திருப்பினார். எடுத்து வைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். தோற்றவர் ஒன்பது. எழுதியவர் ஒன்பது. தேறியவர் ஒன்பது. அவர் யாராக இருந்தாலும் அந்த ஒன்பதுக்குள் இருக்கிறார்.

வெந்நீரைக் குடித்தேன். வெறும் வெந்நீர்தான். வெளியே வந்ததும் முனியப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், வாலைச் சுருட்டிப் பையில வெச்சுக்கலாம்போல இருக்குதுங்களே" என்றார். அன்று நான் சிரித்தேன்.

மறு வருடம் அந்த நாற்காலியைத் திரும்பக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதில் உட்கார்ந்தேன். மூன்றாம் திருத்தத்துக்கு வரும் ஒவ்வொரு தாளையும் முதலில் எண்ண மாட்டேன். கடைசி வரியைப் படிப்பேன். அப்புறம்தான் எண்ணுவேன்.

தமிழரசி, திரையிலும் பக்கத்தின் கடைசி வாக்கியம் முடியாமல் நிற்கலாம். நின்றால், நேரம் போதவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடாதீர்கள். அடுத்த தாள் எங்கோ இருக்கிறது, தேடச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துச் சொல்லுங்கள்.

பதினெட்டாயிரத்து நானூற்று ஆறில் அந்த ஒன்பது சேராது, அவற்றை நான் திருத்தவில்லை. ஆனால் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், வேறு எதுவும் எழுதாத பக்கத்தில், ஒன்பது என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மாத்திரை எடுக்கும்போது சில நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுண்டு. இன்று காலையும் பார்த்தேன். ஒன்பதுதான்.